பொருள் மாறும்போது சூடு எங்கே போகிறது? வீட்டில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஐஸ் உருகுவது இயற்பியல் மாற்றம், விறகு எரிவது வேதியியல் மாற்றம் என்று பள்ளியில் எழுதி எல்லோரும் மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். முன்னதில் பொருள் அதே பொருள்தான், நிலை மட்டும் வேறு. பின்னதில் பொருளே வேறாகிவிடுகிறது. இதுவரை நினைவிருக்கும். இரண்டிலுமே ஆற்றல் உள்ளே போகிறது அல்லது வெளியே வருகிறது என்ற வரியை மட்டும் பலர் பரீட்சையோடு விட்டுவிட்டார்கள். வீட்டில் விபத்து நடப்பது அந்த வரியில்தான்.

தீக்காயப் பிரிவில் படுத்திருப்பவர்கள் எல்லோரும் தீ பட்டவர்கள் இல்லை. குக்கர் ஆவியில் முகம் வெந்தவர், சுண்ணாம்பு நீற்றும்போது கை வெந்தவர், ஆசிட்டில் தண்ணீர் ஊற்றியவர் என்று தீயே இல்லாமல் வெந்தவர்களும் அங்கே இருப்பார்கள். "வெறும் தண்ணீர்தானே", "எதுவும் எரியவில்லையே" என்று எண்ணிச் செய்த காரியங்கள் அவை. இயற்பியல் மாற்றம் சாது, வேதியியல் மாற்றம்தான் ஆபத்து என்று நீங்களும் எண்ணியிருந்தால் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

எதைச் சூடாக்கினாலும், எதோடு எதைக் கலந்தாலும் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். வெப்பம் கிளம்புமா? வாயு கிளம்புமா? கிளம்பினால் வெளியேற வழி இருக்கிறதா? கீழே இருப்பதெல்லாம் இந்த மூன்றிலிருந்து வந்ததுதான். படித்து முடித்ததும் சமையலறை, குளியலறை, மாடிப்படி அடி என்று ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

செய்ய வேண்டியவை

- குக்கரின் அழுத்தம் தானாக அடங்கும்வரை காத்திருங்கள். திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. வெயிட் போட்ட குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் ஏறத்தாழ 120 டிகிரி வரை போகும். மூடியை வலிந்து திறந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து, 100 டிகிரிக்கு மேல் நிற்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகும். பருப்பும் சோறும் அதோடு சேர்ந்து முகத்தில் அடிக்கும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், பருப்பு என்றால் பாதி போதும். வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அடைப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆவி வெளியேற இருக்கும் முதல் வழி அது ஒன்றுதான்.

- இட்லிப் பானை மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறங்கள். ஆவி கொதிநீரைவிடப் பல மடங்கு கொடியது. 1 கிராம் கொதிநீர் உங்கள் தோலில் பட்டு உடல் சூட்டுக்கு ஆறும்போது கொடுப்பது ஏறத்தாழ 260 ஜூல். அதே 1 கிராம் ஆவி, தண்ணீராக மாறுவதற்கே 2,260 ஜூலைத் தோலில் கொட்டிவிட்டு, பிறகுதான் அந்த 260 ஜூலையும் கொடுக்கிறது. உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அது இதுதான். ஆவி பிடிக்கும்போது குழந்தையின் முகத்தைக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் கவிழ்க்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்த பிள்ளைகள் ஏராளம்.

- ஈயச் சொம்பில் ரசக் கரைசலை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அடுப்புத் தீயோ ஆயிரம் டிகிரிக்கும் மேல். அப்படியும் சொம்பு பிழைக்கிறதென்றால், உள்ளே இருக்கும் தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருந்து, 100 டிகிரி வந்ததும் ஆவியாவதில் அதைச் செலவழிப்பதால்தான். தண்ணீர் வற்றினால் சொம்பைக் காப்பாற்ற எதுவும் இல்லை. மாமியார்கள் இதை அறிவியல் பெயர் சொல்லாமல் சொல்லிக்கொடுத்தார்கள். புதுச் சொம்பு வாங்குகிறவர்கள் அது வெள்ளீயம்தானா என்று நம்பகமான கடையில் கேட்டு வாங்குங்கள். காரீயம் கலந்திருந்தால் புளிப்பு அதைக் கரைத்து ரசத்தில் சேர்க்கும், காரீயம் நஞ்சு.

- பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய பிறகே புளிக்குழம்பு வையுங்கள். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் அந்தப் பாத்திரத்தை அரிசி கொட்டி வைக்கப் பயன்படுத்துங்கள், சமைக்க வேண்டாம்.

- லைட்டரைக் கையில் எடுத்த பிறகு கேஸைத் திறங்கள். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் ஒரு லிட்டர், வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயு. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படரும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும்.

- ரெகுலேட்டர், டியூப் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி காட்டிச் சோதிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாரையும் அதற்கு விடாதீர்கள்.

- சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடி வளையத்தின் உட்பக்கம் எழுதியிருக்கும் தேதியைப் படியுங்கள். ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகள். சி-27 என்றிருந்தால் 2027 செப்டம்பர் வரை செல்லும், அதற்குள் அந்த உருளையைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். தேதி கடந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். அது உங்கள் உரிமை.

- ஆசிட்டை நீர்க்கச் செய்ய வேண்டியிருந்தால், தண்ணீரில் ஆசிட்டைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கந்தக அமிலம் தண்ணீரில் கலக்கும்போதே கடும் சூடு கிளம்பும். தண்ணீர் நிறைய இருந்தால் அந்தச் சூட்டை அது தாங்கிக்கொள்ளும். ஆசிட் நிறைய இருந்து தண்ணீர் சொட்டாக விழுந்தால் அந்தச் சொட்டே கொதித்து ஆசிட்டை முகத்துக்குத் தெறிக்கவைக்கும்.

- பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுகிறீர்களா? அகலமான இரும்புத் தொட்டியில் முதலில் தண்ணீரை நிரப்பி, கல்லை ஒவ்வொன்றாகப் போடுங்கள். சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ முழுதாக நீறும்போது 1,100 கிலோஜூலுக்கும் மேல் வெப்பம் வருகிறது. மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும், அடுப்பே தேவையில்லை. பிளாஸ்டிக் பக்கெட் இளகிவிடும்; வாய் குறுகிய டிரம் வெடிப்பதுபோல் கக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் சூட்டோடு காரமும் சேர்ந்து கருவிழியை அரிக்கும். நீற்றி ஆறிய பிறகும், வெற்றிலைக்கு வாங்கும் டப்பாச் சுண்ணாம்பிலும், அந்தக் காரம் அப்படியே இருக்கிறது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை உயரத்தில் வையுங்கள்; சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கிக் கண்ணில் பீய்ச்சிக்கொள்ளும் குழந்தைகளைக் கண் மருத்துவர்கள் தொடர்ந்து பார்க்கிறார்கள்.

- கான்கிரீட் தளம் போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது, அப்போது சூடும் வெளிவருகிறது. வினை முடியுமுன் தண்ணீர் வெயிலில் போய்விட்டால் தளத்துக்கு வலு வராது, வெடிப்பு விடும். குறைந்தது 7 நாள், நம் ஊர் வெயிலுக்கு 10 நாள். "ரெண்டு நாள் போதும் சார்" என்கிற மேஸ்திரிக்கு இணங்காதீர்கள். வேலை செய்பவர்களுக்கு பூட்ஸும் கையுறையும் வாங்கிக்கொடுங்கள். ஈரச் சிமென்டில் வெறுங்காலோடு நிற்பவரின் தோலை அதன் காரம் மணிக்கணக்கில் வலி தெரியாமல் அரிக்கும்.

- ஃப்ரீசரில் வைக்கும் பாட்டிலில் மேலே இடம் விடுங்கள். தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். கண்ணாடி பாட்டில் தாங்காது.

- இன்வெர்ட்டர் பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிளம்பும். மாடிப்படிக்குக் கீழே மூடிய அலமாரியில் பேட்டரியை வைத்து, அதே அலமாரியில் விளக்கேற்றும் எண்ணெயும் தீப்பெட்டியும் வைக்கிற வீடுகள் உண்டு. உங்கள் வீடு அப்படியென்றால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

- வார்னிஷ், ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியை விரித்து வெளியே காயப்போடுங்கள். அந்த எண்ணெய் காய்வது காற்றோடு நடக்கும் வேதிவினை. அதில் சூடு வருகிறது. விரித்த துணியில் சூடு காற்றோடு போய்விடும். கசக்கி மூலையில் எறிந்தால் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் பற்றவைக்காமல் துணி பற்றிக்கொள்ளும். ஈரத்தோடு போர் போட்ட வைக்கோல் உள்ளே கொதிப்பதற்கும் காரணம் இதே வழியடைப்புதான்.

- மண்பானையைக் காற்று படும் இடத்தில் வையுங்கள். பானையின் மேல் கசியும் நீரில் ஒவ்வொரு கிராமும் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூலை உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் குளிர்ச்சி. பெயின்ட் அடித்த பானை அழகாக இருக்கும், தண்ணீர் குளிராது. வெப்பத்தை வாங்கிக்கொண்டு நடக்கும் மாற்றங்களில் நமக்கு நன்மை மட்டுமே செய்வது இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவற்றில் ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் சமாளித்துக்கொள்ளலாம். அடுத்து வருபவை அப்படியில்லை. இவற்றில் பலவற்றை ஒருமுறை செய்தாலே போதும், அதற்குப் பிறகு திருத்த அவகாசம் கிடைக்காது.

செய்யக்கூடாதவை

- எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு டம்ளர்கூட, ஒரு கை அள்ளிக்கூட வேண்டாம். தீப்பிடித்த எண்ணெய் 300 டிகிரிக்கும் மேல் இருக்கும். தண்ணீர் கனமானதால் எண்ணெய்க்கு அடியில் போய், அங்கேயே ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு பெருக்கும். தண்ணீர் ஆவியாவது வெறும் இயற்பியல் மாற்றம்தான். ஆனால் அது எரியும் எண்ணெயைத் துளித்துளியாகக் கூரைவரை வீசுகிறது, ஒவ்வொரு துளியும் காற்றோடு சேர்ந்து எரிகிறது. வாணலியில் தீ கண்டால் கேஸை அணையுங்கள். தட்டையான மூடியோ பெரிய தட்டோ எடுத்து பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். ஆறும்வரை திறந்து பார்க்காதீர்கள், வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பலகாரம் சுடுகிற நாளில் மூடியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் புகைய ஆரம்பித்தால் அதுவே எச்சரிக்கை.

- பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைச் சேர்க்காதீர்கள். குளியலறைக் கறை போகவில்லை என்று முதலில் ஒன்று, மேலே இன்னொன்று என ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் படை எதிரிகள் மீது திறந்துவிட்டதும் இதே வாயுதான். ஜன்னல் சாத்திய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கச் சில மூச்சுகள் போதும். டாய்லெட் கிளீனர் பாட்டிலிலும் பெரும்பாலும் ஆசிட்தான் இருக்கிறது, எனவே அதையும் பிளீச்சோடு சேர்க்கக்கூடாது. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் பிளீச்சும் சேர்ந்தால் வேறொரு நச்சுக்காற்று வரும். ஒரு நேரத்தில் ஒன்று, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே அடுத்தது. வீட்டு வேலைக்கு உதவியாக வருபவரிடம் இதை நேரில் சொல்லுங்கள். பாட்டிலில் எழுதியிருப்பதை அவர் படித்திருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள்.

- சிங்க் அடைப்புக்குப் போடும் காஸ்டிக் தூளை அலுமினியப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். அலுமினியத்தை அது தின்று, சூட்டோடு ஹைட்ரஜனைக் கிளப்பும். அதே குழாயில் ஆசிட்டும் ஊற்றாதீர்கள்.

- கேஸ் நெடி அடித்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் உள்ளே சின்னப் பொறி பறக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன், ஃப்ரிட்ஜ் பிளக், காலிங் பெல் எதுவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள்.

- கேஸ் குறைந்துவிட்டது என்று சிலிண்டரைப் படுக்க வைக்காதீர்கள், வெந்நீரில் நிறுத்தாதீர்கள். வேகமாக வாயு எடுக்கும்போது உள்ளே திரவம் ஆவியாகத் தேவையான வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் உருளையிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கல்யாண வீட்டில் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்துப் பனி படிவது அதனால்தான். சற்று நேரம் விட்டால் தானாகச் சரியாகும். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே டியூபுக்குள் வந்து, அடுப்பில் 250 மடங்காக விரியும்.

- கரி அடுப்பு, பார்பிக்யூ கனலைப் படுக்கை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அப்படி வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாமல்போன செய்திகள் வந்திருக்கின்றன. காற்று போதாமல் எரியும் கரி கார்பன் மோனாக்சைடைத் தரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குளியலறைக்குள் பொருத்திய கேஸ் கீசரும் இதே கதைதான்.

- உலர்பனிக்கட்டியையும் திரவ நைட்ரஜன் ஊற்றிய தின்பண்டத்தையும் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்காதீர்கள். உலர்பனி மைனஸ் 78 டிகிரி, திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. வாயில் பட்டதும் நாக்கின் வெப்பத்தை உறிஞ்சித் திசுவைக் கொல்லும். வயிற்றுக்குள் போனால் திரவ நைட்ரஜன் ஏறத்தாழ 700 மடங்கு பெருத்து இரைப்பையைக் கிழிக்கவும் கூடும். 2024 மார்ச்சில் குருகிராம் உணவகம் ஒன்றில் வாய் மணக்க என்று கொடுத்த உலர்பனியை மென்றவர்கள் ரத்தம் கக்கி மருத்துவமனைக்குப் போனார்கள். அடுத்த மாதமே தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை, திரவ நைட்ரஜன் ஊற்றிய 'ஸ்மோக் பிஸ்கட்' விற்பவர்களை எச்சரித்தது. பொருட்காட்சியில் பிள்ளை எவ்வளவு அடம்பிடித்தாலும் வேண்டாம். உலர்பனியை மூடிய பாட்டிலில் போட்டு விளையாடவும் விடாதீர்கள். ஒரு கிலோ ஆவியானால் ஐந்நூறு லிட்டருக்கும் மேல் வாயு.

- கார்பைடு கல்லால் பழுக்க வைத்த மாம்பழத்தை வாங்காதீர்கள், அந்தக் கல்லை வைத்துச் செய்யும் துப்பாக்கியையும் வாங்காதீர்கள். கார்பைடில் ஈரம் பட்டால் எளிதில் தீப்பிடிக்கும் அசெட்டிலின் வாயு வரும். கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் உண்டு. பழுக்க வைக்க இதைப் பயன்படுத்தச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில் பிளாஸ்டிக் குழாயில் செய்த கார்பைடு துப்பாக்கிகள் பல பிள்ளைகளின் கண்ணைப் பறித்தன.

- எலிக்கோ தானியப் பூச்சிக்கோ வைக்கும் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைக்காதீர்கள். காற்றின் ஈரமே அதற்குப் போதும், பாஸ்பீன் என்ற கொடிய வாயுவாக மாறும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு சிறு பிள்ளைகள் இறந்தார்கள். வீட்டில் யாராவது மருந்து வைக்க வந்தால், என்ன மருந்து, காற்றாக மாறுமா, எத்தனை நாள் அறையைப் பூட்ட வேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரை உள்ளே விடாதீர்கள்.

- பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய துணியைப் பச்சிளங்குழந்தைக்குச் சுற்றாதீர்கள். உருண்டையில் உள்ள நாப்தலீன் திடத்திலிருந்து நேராக வாயுவாகித் துணியில் ஏறியிருக்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டால் அந்த வாயு சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள்காமாலையைக் கடுமையாக்கும். துவைத்து வெயிலில் உலர்த்திய துணி மட்டுமே குழந்தைக்கு.

- செம்புப் பாட்டிலில் எலுமிச்சைச் சாறும் மோரும் ஊற்றி வைக்காதீர்கள். களிம்பு கரைந்து வயிற்றைப் புரட்டும். வெறும் தண்ணீர் சரி.

- மைக்ரோவேவில் முழு முட்டை வைக்காதீர்கள், தண்ணீரைத் தனியாக நீண்ட நேரம் சுட வைக்காதீர்கள். மழமழப்பான கோப்பையில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் குமிழி விடாமல் அமைதியாக நிற்கும். சர்க்கரை போட்டதும் ஒரே வீச்சில் பொங்கும்.

- உப்பிய போனை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். உள்ளே வேதிவினையில் வாயு சேர்ந்திருப்பதன் அடையாளம் அது. ஒரு செல் சூடாகிப் பற்றினால் அந்தச் சூட்டிலேயே பக்கத்துச் செல்லும் பற்றும். மின் ஸ்கூட்டரை ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடாமல் பேட்டரி ஆறட்டும். வாசல் கதவை மறித்தாற்போல் நிறுத்தி இரவில் சார்ஜ் போட வேண்டாம். தீப்பிடித்தால் நீங்கள் ஓடவேண்டிய வழி அது.

- கனன்றுகொண்டிருக்கும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். எரிவது திரவம் இல்லை, அதன் ஆவி. சூட்டில் ஆவி கிளம்பி, தீ கேன்வரை ஓடிவரும். பெட்ரோலுக்குச் சூடுகூட வேண்டாம், மைனஸ் 40 டிகிரியிலேயே எரியக்கூடிய அளவு ஆவி விடும்.

- சானிடைசர் பூசிய கையோடு அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். நன்றாக உலரட்டும். ஆல்கஹால் தீ வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது.

- போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தாதீர்கள். எரித்த பிறகு அந்தப் பொருள் இல்லாமல் போவதில்லை, நச்சுப் புகையாக மாறி உங்கள் தெருவிலேயே நிற்கிறது. 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியவில்லை. அதே காற்றைத்தான் ஆஸ்துமா இருக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் சுவாசித்தார்.

- சுட்ட இடத்தில் தோசை மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள் எதையும் பூசாதீர்கள். ஐஸ் கட்டியும் வைக்காதீர்கள். மாவும் பசையும் சூட்டை உள்ளேயே பூட்டும், கிருமி சேர்க்கும். புண்ணின் ஆழத்தை மருத்துவர் பார்க்க முடியாமல் மறைக்கும். ஐஸ், வெந்த தோலை இன்னொரு முறை காயப்படுத்தும்.

அப்படியும் நடந்துவிட்டால்

சூடு பட்ட இடத்தைக் குழாயடியில் 20 நிமிடம் காட்டுங்கள். தோலுக்குள் இறங்கிய வெப்பம் கையை எடுத்த பிறகும் உள்ளே வேகவைத்துக்கொண்டே இருக்கும். ஓடும் தண்ணீர்தான் அதை வெளியே இழுக்கும். வளையல், மோதிரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம்.

ஆசிட்டோ சுண்ணாம்போ கண்ணில் பட்டால் மருத்துவமனைக்குப் புறப்படுவதற்கு முன்பே கழுவத் தொடங்குங்கள். இமையை விரலால் பிரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 20 நிமிடம் ஊற்றுங்கள். ஆசிட்டுக்குச் சோடா, சுண்ணாம்புக்கு எலுமிச்சை என்று கண்ணில் எதிர்மருந்து போட யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டும் சேரும்போது அங்கேயே மீண்டும் சூடு பிறக்கும். உலர்ந்த சுண்ணாம்புத் தூள் உடம்பில் பட்டிருந்தால் முதலில் துணியால் தட்டிவிட்டு, பிறகு தாராளமாகத் தண்ணீர் விடுங்கள்.

நச்சுக்காற்றில் யாராவது மயங்கிக் கிடந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாயாதீர்கள். வெளியிலிருந்து கதவு ஜன்னலைத் திறக்க முடியுமா என்று பாருங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். ஒருவரைக் காப்பாற்றப்போய் மூவர் விழுந்த வீடுகள் இருக்கின்றன.

கேஸ் கசிவுக்கு 1906, ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112. இந்த நான்கு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் படிக்கும் உயரத்தில் சமையலறைக்கு வெளியே ஒட்டுங்கள். இன்று இரவு படுக்கப்போகும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள்.